இங்கிலாந்தின் மாட்டுப் பதிவேடு

மாடுகளின் பிறப்பு, நடமாட்டம், சாவு ஆகியவற்றைக் குறித்துவரும் பழைய கம்ப்யூட்டர்ப் பதிவேட்டை நீக்கிப் புதியதொன்றை ஸ்தாபிக்க இங்கிலாந்து ஸர்க்கார் திட்டம் வகுத்திருக்கின்றனர். நம் தேசத்திலும் மாடுகளுக்குப் 12 இலக்க நம்பருள்ள வில்லை போட்டு, 2024-ல் ‘பாரத் பசுதன்’ என்னும் பதிவேட்டைத் துவக்கியிருக்கிறபடியால், இதைக் குமாஸ்தாக்களின் காரியமென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

அந்த ஏடு பிறந்த கதை இது. மாட்டின் மூளையைக் கெடுக்கும் பி.எஸ்.இ. என்ற வியாதி 1986-ல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. அது மனிதரையும் பற்றியிருக்கக்கூடும் என்று 1996 மார்ச்சு 20-ந் தேதி மந்திரி பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதியை ஐரோப்பிய யூனியன் தடுத்துவிட்டது. அதுவரை அபாயமில்லையென்று சாதித்துவந்த அதிகார வர்க்கத்தின் வார்த்தை அன்று விலைபோகவில்லை. அயல்நாட்டார் அத்தாட்சி கேட்டனர். 1998-ல் கம்ப்ரியா ஜில்லா வொர்க்கிங்டன் நகரில் பதிவுக் காரியாலயம் ஏற்பட்டது. கன்றின் காதில் நம்பர் வில்லை. அதற்கென்று ஒரு பாஸ்போர்ட். பண்ணை மாறினால் மூன்று தினங்களுக்குள் தகவல்.

செம்மறியாடுகளுக்கு அப்பொழுது இத்தகைய தனித்தனிக் கணக்கு இல்லை. 2001 பிப்ரவரியில் நார்த்தம்பர்லாந்துப் பன்றிப் பண்ணையொன்றில் கிளம்பிய கோமாரி, அண்டையிலிருந்த ஆடுகளைப் பற்றி, ஹெக்ஸாம் சந்தைக்கும், அங்கிருந்து ஸ்காட்லாந்து எல்லையருகிலுள்ள லாங்டவுன் சந்தைக்கும் சென்றது. 20-ந் தேதி வியாதி ருசுவாயிற்று. 23-ந் தேதிதான் நடமாட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் எந்த ஆடு எவரிடம் போயிற்றென்று சொல்வாரில்லை. 60 லக்ஷத்துக்கு மேற்பட்ட பிராணிகளைக் கொன்று தீர்க்க நேரிட்டது.

பழசாகிவிட்ட யந்திரத்தை மாற்றத்தான் வேண்டும். 2022-ல் ஆடுகளுக்குப் புதிய ஏற்பாடு வந்தது. 2027 முதல் பிறக்கும் மாட்டுக் கன்றுகளுக்கு ரேடியோ அலையால் படிக்கத்தக்க வில்லை கட்டாயமென்று 2025-ல் அறிவித்தனர். மாற்றும் விதத்தைப் பற்றியே நமக்குக் கவலை. இப்பதிவேட்டை நடத்தும் இலாகாவே 2015-ல் விவசாய மான்யத்துக்கென ஏற்படுத்திய கம்ப்யூட்டர் முறை, மனுச் செய்யும் தருணத்தில் இடறிவிழ, குடியானவர்கள் காகிதப் பாரங்களுக்கே திரும்பினர். மான்யம் தாமதித்தால் கடன் வாங்கியாவது சமாளிக்கலாம், கோமாரி காத்திருக்குமா?

2018-லும் 2024-லும் ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு பசுவிடம் பி.எஸ்.இ. தென்பட்டபோது, அதன் கன்றுகளையும் அதனுடன் ஒரே மந்தையில் வளர்ந்தவற்றையும் தேட வேண்டியிருந்தது. பழைய பதிவின்றி அது நடவாது. விற்றவர் எழுதி, வாங்கினவர் எழுதாமல் விட்ட மாடுகளும் அவ்வேட்டில் இருக்குமன்றோ? கணக்கு ஒப்பவில்லையென்று புது யந்திரம் அவற்றைத் தள்ளினால் ஏடு சுத்தமாகும், தடம் அறுந்துபோகும்.

ஸ்காட்லாந்து 2021 அக்டோபரிலேயே மாட்டுக் கணக்கைத் தனியே பிரித்துக்கொண்டது. அது அவர்கள் உரிமை. ஆயினும் லாங்டவுனில் வாங்கின மாடு சில மைலில் எல்லை தாண்டிவிடுமாகையால், இரு ஏடுகளும் ஒன்றையொன்று அறியும்படி செய்வதே முதற் காரியம். பழையதை மூடும் தேதியை மந்திரிகள் அவசரப்பட்டு நிச்சயிக்க வேண்டாம். கன்று விற்பனை மும்முரமாயுள்ள இலையுதிர் காலம் ஒன்று முழுவதும் இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். சந்தைக் கணக்கர்களையும் சிறு குடியானவர்களையும் யோசனைச் சபையில் உட்கார வைக்கட்டும்.