வாய் நாற்றமும் வாய் திறவா மௌனமும்

சட்டைப் பொத்தான் கழன்றிருந்தால் சொல்கிறோம். கன்னத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் சொல்கிறோம். ஒருவரது வாய் துர்நாற்றம் வீசினால் மாத்திரம் நாம் வாய் திறப்பதில்லை. சற்று விலகி அமர்கிறோம். அவர் போனபின் மற்றவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் நாகரிகம்!

இது நாகரிகமன்று, கொடுமை. ஏனெனில், உரியவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. தொடர்ந்து வரும் மணத்தை மூக்கு விரைவில் உணராமற் போய்விடும். ஊரே அறிந்த உண்மையை அவர் ஒருவரே அறியார்.

நண்பர் சொல்லாததை வியாபாரி சொன்னான். 1879 இல் அமெரிக்காவில் கிருமிநாசினியாக உருவாக்கப்பட்ட லிஸ்டரின், 1914 இல் வாய் கழுவும் திரவமாகப் பொதுமக்களிடம் விற்பனைக்கு வந்தது. 1920களில் அதன் விளம்பரங்கள் 'ஹலிடோசிஸ்' என்ற சொல்லைப் பரப்பின. ஒரு பெண்ணுக்குத் திருமணம் ஆகாமைக்கும் வாய் நாற்றமே காரணம் என்று அச்சமூட்டின. நம் மௌனம் அவனுக்கு மூலதனமாயிற்று.

நாற்றம் வயிற்றுக் கோளாறால் வருகிறது என்பது நம்மவரின் நம்பிக்கை. உண்மை வேறு. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு அதன் பிறப்பிடம் வாயேதான். நாவின் பின்புறத்திலும் பல் இடுக்கிலும் ஈறுகளின் அடியிலும் தங்கும் பக்டீரியாக்கள் புரதங்களைச் சிதைத்துக் கந்தகம் கலந்த வாயுக்களை வெளியிடுகின்றன. உமிழ்நீர் வற்றினால் இது மிகும். காலை எழும்போதும், விரத நாட்களிலும், சில மருந்துகளை உட்கொள்ளும்போதும் வாய் நாறுவது இதனாலேயே.

ஆகவே, பல் துலக்கினால் மட்டும் போதாது. நாக்கையும் வழிக்க வேண்டும். வேப்பங்குச்சியால் பல் துலக்கி, அதையே பிளந்து நாக்கை வழித்த நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. பல் இடுக்குகளை நூலால் துப்புரவு செய்வதும், அடிக்கடி நீர் அருந்துவதும், காறை படிந்த பற்களைப் பல் வைத்தியரிடம் காட்டுவதும் அவசியம். இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசம். புலம்பெயர் நாடுகள் பலவற்றில் செலவு அதிகந்தான். அதற்காக ஈறு நோயை வளரவிட்டால் பல்லே போய்விடும்.

நாற்றத்தை மறைக்க வெற்றிலை போடுவோருக்கு ஒரு வார்த்தை. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்துப் பல ஆண்டுகளாகின்றன. இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். நாற்றத்துக்கு அஞ்சி நஞ்சை மெல்வதா?

வாயைச் சுத்தமாக வைத்திருந்தும் நாற்றம் நீங்காவிடில் தொண்டை, மூக்கு, நுரையீரல் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். நீரிழிவு முற்றிய நிலையில் மூச்சில் பழவாடை வீசினால் அது உயிராபத்து. உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். ஆறாத வாய்ப்புண் இரண்டு, மூன்று வாரங்களைத் தாண்டினாலும் தாமதம் கூடாது.

இவற்றையெல்லாம் அவர் எப்போது செய்வார்? யாரேனும் சொன்னால்தானே! மனைவி கணவனுக்கும், கணவன் மனைவிக்கும், நண்பன் நண்பனுக்கும் தனிமையில், பரிவோடு சொல்ல வேண்டும். கேட்பவர் ஒரு நாள் முகம் வாடலாம். சொல்லாவிட்டால், ஏனென்று அறியாமலே ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்படுவார். எது பெரிய துன்பம்?