வெளிச்சம் சரி, வயர் வேணுமா?

பெங்களூரு, புனேன்னு ஒரு பெட்ரூம் வீட்டில் குடியிருந்துகொண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காக்காரனோடு கால் பேசுகிற நம்ம மக்களுக்கு விளக்கெரியும் கீபோர்டு ஆடம்பரம் இல்லை. டியூப்லைட்டைப் போட்டால் குழந்தை எழுந்துவிடும். அப்புறம் தங்கமணிக்கு யார் பதில் சொல்றது?

வயரா, வயர்லெஸ்ஸா? என் ஓட்டு வயருக்குத்தான். காரணம் அந்த வெளிச்சமேதான். எழுத்தைக் காற்றில் அனுப்ப ஆகும் மின்சாரம் கொசுறு. பேட்டரியைக் குடிப்பது விளக்கு. லாஜிடெக் எம்எக்ஸ் கீஸுக்கு அந்தக் கம்பெனியே சொல்லும் கணக்கு: விளக்கு எரிந்தால் 10 நாள், அணைத்துவைத்தால் 5 மாதம் வரை. விளக்குக்காக வாங்கிவிட்டு அதை அணைத்தா வைப்பது? யூஎஸ்பி வயரில் இந்தக் கணக்கே கிடையாது.

அடுத்தது பாஸ்வேர்டு. ஊரில் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புவதும் இதே கீபோர்டில்தானே? 2016ல் பாஸ்டில் என்கிற பாதுகாப்பு நிறுவனம், எட்டு கம்பெனிகளின் மலிவு வயர்லெஸ் கீபோர்டுகள் நாம் தட்டுவதை எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே காற்றில் விடுவதைக் கண்டுபிடித்தது. ப்ளூடூத் வகை அதில் சிக்கவில்லை. சோபாவில் சாய்ந்தபடி டிவியில் தட்டுகிறவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

தமிழ்99 ஸ்டிக்கர் ஒட்டுகிற புண்ணியவான்களுக்கு (நானும்தான்) ஒரு வார்த்தை. கறுப்பு ஸ்டிக்கர் வெளிச்சத்தை மொத்தமாக மறைத்துவிடும். கண்ணாடி மாதிரி இருப்பதைக் கேட்டு வாங்குங்க.