சுங்கவரிச் சலுகை மருந்தாகாது

பித்தநாளப் புற்றுநோய் ஓசையின்றி வளர்வது. கண்ணும் தோலும் மஞ்சளித்த பிறகே பெரும்பாலோர் மருத்துவமனைப் படியேறுகின்றனர். முற்றிலும் குணமாக அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. அதற்கான காலம் பலருக்கு அதற்குள் கடந்துவிடுகிறது. அத்தகையோருக்கு அடைபட்ட நாளத்தில் ஸ்டென்ட் பொருத்திப் பித்தம் வடியச் செய்வதும், ஜெம்சிடாபின், சிஸ்பிளாட்டின் செலுத்துவதும் ஆயுளை நீட்டிக்கும். துர்வாலுமாப் சேர்ந்தால் மேலும் சில காலம் கிட்டும். ஆனால், பன்னாட்டு நிறுவனமான ஆஸ்ட்ராஜெனிகாவின் அம்மருந்து உழைப்பாளிக்கு எட்டாக்கனி.

2024 ஜூலை பட்ஜெட்டில் துர்வாலுமாப் உள்ளிட்ட மூன்று மருந்துகளுக்குச் சுங்கவரியை நீக்கிவிட்டு, புற்றுநோயாளிகளுக்கு நிவாரணம் அளித்துவிட்டதாக ஒன்றிய அரசு மார்தட்டியது. விட்டுக்கொடுத்தது மக்களின் கருவூலம். கம்பெனியின் லாபத்தில் கைவைக்க எவருக்கும் துணிவில்லை.

வழி சட்டத்திலேயே உண்டு. காப்புரிமைச் சட்டத்தின் 84ஆவது பிரிவின்படி, கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சொராஃபெனிப் மருந்தைத் தயாரிக்க 2012இல் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. மாதத்திற்குச் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த விலை 8,880 ரூபாயாக இறங்கியது. வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை. ஆயினும் அதன்பின் அந்த வாள் உறையைவிட்டு வெளிவரவே இல்லை. யாருக்கு அஞ்சி?

2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் பொதுச் சுகாதாரத்துக்கு என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. பீகாரிலிருந்து வரும் நோயாளியோ இன்றும் மும்பை பரேல் நடைபாதையில் படுத்துக் காத்திருக்கிறார்.

காப்புரிமைக்குள் அடைபட்ட புற்றுநோய் மருந்துகளுக்குக் கட்டாய உரிமம் வழங்குக! அரசு மருத்துவக் கல்லூரிதோறும் ஸ்டென்ட் பொருத்தும் வசதியை உருவாக்குக! உயிர் காக்கும் உரிமை, லாப உரிமைக்குக் கீழ்ப்பட்டதல்ல.