அகம்பெனும் ஆட்கொணர்வு மனுவும்

தடுப்புக்காவல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் இத்தாலியத் தத்துவவாதி ஜோர்ஜோ அகம்பெனைப் படிக்க வேண்டும். தத்துவத்துக்கும் வழக்குக் கட்டுக்கும் வெகுதூரம் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அகம்பென் விஷயத்தில் அது பொருந்தாது. 1942இல் ரோமில் பிறந்த அவர் பல்கலைக்கழகத்தில் படித்தது சட்டம். 1995இல் வெளியான 'ஹோமோ சாக்கர்' தொடங்கி 2014 வரை நீண்ட நூல்வரிசையில் அவர் விடாமல் துருவிய கேள்வி ஒன்றுதான்: சட்டம் ஒரு மனிதனைக் கைவிடும்போது அதை எந்த வழியில் செய்கிறது?

நூலின் தலைப்பு பழைய ரோமானியச் சட்டத்திலிருந்து எடுத்தது. குற்றத்துக்காக மக்கள் தீர்ப்பளித்து ஒதுக்கிய ஒருவன். அவனைத் தெய்வத்துக்குப் பலியிடக் கூடாது. ஆனால் அவனை யார் கொன்றாலும் கொலைக்குற்றம் ஆகாது. அவனிடம் மிஞ்சியிருப்பது வெறும் உயிர். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவன் சட்டத்துக்கு எட்டாத காட்டில் அலைபவன் இல்லை என்பதே. அவனுடைய நிலையை உண்டாக்கியதே சட்டம்தான். காப்பாற்றும் கையை எடுத்துக்கொண்ட பிறகும், அவன் மீதான பிடியை அது விடவில்லை.

இதை வெறும் கருத்தாகப் படித்தால் விளங்காது. 1933ஐப் பாருங்கள். ஜெர்மனியின் வைமர் அரசியலமைப்பில் 48ஆவது உறுப்பு இருந்தது. பொது அமைதிக்கு ஆபத்து வந்தால் சில அடிப்படை உரிமைகளைக் குடியரசுத் தலைவர் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றிய மறுநாள், பிப்ரவரி 28 அன்று, அந்த உறுப்பின் கீழ் ஓர் ஆணை வந்தது. தனிநபர் சுதந்திரம், பேச்சு, கூட்டம், கடிதப் போக்குவரத்தின் ரகசியம் எல்லாம் மறு அறிவிப்பு வரை நிறுத்தப்பட்டன. அந்த மறு அறிவிப்பு வரவே இல்லை. வைமர் அரசியலமைப்பை ஹிட்லர் முறைப்படி ரத்து செய்யவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அது ஏட்டில் இருந்தது. மூன்றாம் ரைக் முழுவதுமே பன்னிரண்டு ஆண்டு நீண்ட ஒரு விதிவிலக்கு நிலை என்று அகம்பென் சொல்வது இதைக் கொண்டுதான்.

2003இல் வந்த 'விதிவிலக்கு நிலை' நூலில் இந்த வாதத்தை அவர் விரிவாக வைக்கிறார். ஆனால் நம் தொழிலைச் சேர்ந்தவர்களை உலுக்க வேண்டிய பகுதி முதல் நூலிலேயே இருக்கிறது. நாஜி முகாம்கள் எந்தச் சட்டத்தில் பிறந்தன என்று அங்கே தேடுகிறார். சிறைச் சட்டத்திலிருந்தோ தண்டனைச் சட்டத்திலிருந்தோ அவை வரவில்லை. 1851ஆம் ஆண்டின் பிரஷ்ய முற்றுகைநிலைச் சட்டம் வரை வேர் விடும் 'பாதுகாப்புக் காவல்' என்ற ஏற்பாட்டிலிருந்து வந்தன. ஒருவர் குற்றம் செய்தாரா என்ற கேள்வியே அதில் எழாது. வெளியே விட்டால் அரசின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அதிகாரி கருதினால் போதும். படிக்கும்போது நமக்குப் பழகிய வாசகம் போலவே இருக்கிறது, இல்லையா?

அந்த ஏற்பாட்டையும் நம் தடுப்புக்காவல் சட்டங்களையும் ஒன்று என்று சொல்வது அநியாயம். அப்படி நாங்கள் சொல்லவில்லை. 1936இல் பிரஷ்யாவின் கெஸ்டாபோ சட்டம், அந்தக் காவல்துறையின் செயல்களை நீதிமன்றம் ஆராயவே முடியாதபடி வெட்டிவிட்டது. நம்மிடம் அரசியலமைப்பின் 226ஆவது, 32ஆவது உறுப்புகள் இருக்கின்றன. வித்தியாசம் அங்கேதான். நம் நாட்டில் அந்தக் கதவும் ஒருமுறை சாத்தப்பட்டதை மறக்கலாகாது.

நெருக்கடி நிலையின்போது, 1975 ஜூன் 27 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, 14, 21, 22 ஆகிய உறுப்புகளுக்காக நீதிமன்றம் செல்லும் உரிமையை நிறுத்தியது. சென்னை உட்பட ஒன்பது உயர் நீதிமன்றங்கள், அப்படியும் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்றன. ஜபல்பூர் வழக்காக அது உச்ச நீதிமன்றம் வந்தபோது நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் கேட்ட கேள்வியை ஒவ்வொரு இளம் வழக்கறிஞரும் தெரிந்திருக்க வேண்டும். 21ஆவது உறுப்பில் உயிரும் இருக்கிறதே. ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் பரிகாரம் உண்டா? தம் வாதத்தின்படி, நெருக்கடி நிலை நீடிக்கும் வரை இல்லை என்று நிரேன் டே ஒப்புக்கொண்டார். கொன்றாலும் கேள்வியில்லாத அந்த ரோமானிய மனிதன் நம் உச்ச நீதிமன்றத்தில், வாதத்தின் நடுவே, வந்து நின்றான். 1976 ஏப்ரல் 28 அன்று நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கன்னா ஒருவர் மறுத்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் மிசா தடுப்புக்காவல் சட்டத்தின் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டிருந்தார்கள். அது பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையத்தின் விசாரணைக்கு வந்தது. டெல்லியில் நடந்த வாதம் சிறைக் கொட்டடியில் என்ன பொருள்படும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கன்னாவின் மறுப்பு வீண்போகவில்லை. 1978இன் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு 20, 21 உறுப்புகளை நெருக்கடியிலும் நிறுத்த முடியாது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பு வெளிப்படையாகத் தள்ளப்பட்டது. அகம்பெனோடு நமக்கு உள்ள கருத்து வேறுபாடு இங்கே தொடங்குகிறது. விதிவிலக்கே விதியாகிவிட்டது என்று காட்டும் அவர், நீதிமன்றத்தில் நடக்கும் சண்டைக்கு ஏறக்குறைய இடமே தருவதில்லை. குவாண்டனாமோவை அவர் சரியாகவே எடுத்துக்காட்டினார். ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு ஆட்கொணர்வு மனு உண்டு என்று 2004இலும் 2008இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைச் சொல்லவைத்தவர்கள் வழக்கறிஞர்கள். அந்த வெற்றி அரைகுறைதான். முகாம் மூடப்படவில்லை. ஆனாலும் பெயரில்லாமல் கிடந்தவர்கள் மனுதாரர்களாகப் பெயர் பெற்றார்கள். இதை ஒன்றுமில்லை என்று ஒதுக்க முடியாது.

இன்னொரு குறை: ஐரோப்பாவின் காலனிகள் அவர் நூல்களில் ஓரத்தில் நிற்கின்றன. குற்றச்சாட்டின்றி அடைத்துவைக்க 1818இலேயே வங்காளத்தில் மூன்றாம் ஒழுங்குமுறை இருந்தது. 1919இல் ரௌலட் சட்டம் வந்தது. வேறொரு தவறும் உண்டு: 2020 பிப்ரவரியில், இத்தாலியில் கொரோனா தொற்று பரவத் தொடங்கிய நாட்களில், அதை அரசு கட்டியெழுப்பிய அச்சம் என்ற பொருளில் அவர் எழுதியது பெரும் பிழை. எந்தக் கட்டுப்பாட்டைக் கண்டாலும் முகாமையே காண்பது ஆராய்ச்சியாகாது.

அப்படியிருந்தும் அவரைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் நம் அன்றாட வேலையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம், மக்கள் வாயில் குண்டர் சட்டம், நெருக்கடி காலச் சட்டம் இல்லை. கள்ளச்சாராயம், போதைப்பொருள், குடிசைப்பகுதி நில அபகரிப்பு என்று தொடங்கிய பட்டியலில் 2004இல் திருட்டு வீடியோ சேர்ந்தது. 2014இல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. இவை கடுமையான குற்றங்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தண்டனைச் சட்டம் இருக்கிறது, விசாரணை இருக்கிறது, பிணையை எதிர்க்க அரசு வழக்கறிஞர் இருக்கிறார். அவற்றைத் தாண்டி, மாவட்ட ஆட்சியரின் அல்லது காவல் ஆணையரின் மனநிறைவின் பேரில் பன்னிரண்டு மாதம் வரை அடைத்துவைக்கலாம். அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை.

இந்த வழக்குகள் எப்படி முடிகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். புக்லெட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாத நகல். அதனால் முறையீடு செய்யும் உரிமை பறிபோயிற்று என்று ஆணை ரத்தாகும். இல்லையென்றால் முறையீட்டை அரசு பரிசீலித்ததில் விளக்கமில்லாத தாமதம். அதுவும் இல்லையென்றால், இவர் பிணையில் வந்துவிடுவார் என்பதற்கு ஆதாரமாக ஆணையில் காட்டிய 'ஒத்த வழக்கு' ஒத்ததாகவே இருக்காது. 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தைக் கண்டித்த பிறகும் அதே வார்ப்பு வாசகங்கள் ஆணைகளில் வருகின்றன. நாம் வெல்கிறோம். ஆனால் வெல்லும்போது அந்த மனிதர் பல மாதம் உள்ளே இருந்து முடித்திருக்கிறார். ஆணை செல்லாது என்ற தீர்ப்பு அந்த மாதங்களைத் திருப்பித் தருவதில்லை. இழப்பீடு கேட்பவர்களும் அரிது. கதவு திறந்துதான் இருக்கிறது. வரிசை நீளமாக இருப்பதே தண்டனையாகிவிடுகிறது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரின் காலத்தைச் சட்டம் இப்படி எடுத்துக்கொள்வதைத்தான், வேறு நாட்டு உதாரணங்களோடு, அகம்பென் நமக்குக் காட்டுகிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்த நாளுக்கும் ஆணை ரத்தான நாளுக்கும் இடையே உங்கள் கட்சிக்காரர் எத்தனை நாள் சிறையில் இருந்தார் என்பதை இனி ஒவ்வொரு வழக்கிலும் குறித்துவையுங்கள். பெயரும் ஊரும் நீக்கி எங்களுக்கு அனுப்புங்கள். முன்னுரிமை கோரும் மனுக்களிலும் இழப்பீட்டு மனுக்களிலும் அந்தக் கணக்கை நீதிமன்றத்தின் முன் வையுங்கள்.