வாளும் எழுதுகோலும் மட்டும் போதுமா?



போரில் வென்றவனே நாட்டையும் ஆக்கித் தருவான் என்று நம்புவோர் உளர். அவர்கள் ஈராக்கைச் சற்றே நோக்கட்டும்!

2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்தது. வென்ற அமெரிக்காவிடம் படை இருந்தது, பணம் இருந்தது. புதிய ஆட்சியை அமைப்பது எங்ஙனம் என்று, வெளியுறவுத் துறை ஈராக்கியரைக் கூட்டி ஆராய்ந்து வைத்த அறிக்கைகளும் இருந்தன. ஆயினும், போருக்குப் பிந்தைய பொறுப்பு முழுவதும் பாதுகாப்புத் துறையிடம் தரப்பட்டது; அறிக்கைகள் மூலையில் கிடந்தன. மே 23 அன்று, ஆட்சிப் பொறுப்பிலிருந்த பால் பிரமர் ஈராக்கிய இராணுவத்தையே கலைத்தார். பிழைப்பிழந்த வீரர் இலட்சக்கணக்கினர். அவர்களுட் பலர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தனர். விளைந்தது அமைதியா? இல்லை, அழிவு!

"இரு துறையும் இணைந்து இயங்காததே குற்றம், ஒரே கூரையின்கீழ் அமர்த்தினால் எல்லாம் சீராகும்" என்பர் சிலர். அமர்த்தியும் பார்த்தார்களே, ஆப்கானிஸ்தானத்தில்! 2002 இறுதியில் கார்தேசில் தொடங்கி, மாகாணம் மாகாணமாகப் புனரமைப்புக் குழுக்கள் அமைந்தன. படைவீரரும் ஆட்சி அலுவலரும் ஒரே பாசறையில் தங்கினர். பள்ளிகள் எழுந்தன, பாதைகள் நீண்டன. இருபது ஆண்டுகளில் அமெரிக்கா புனரமைப்புக்கென ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 14,500 கோடி டாலர்! 2021 ஆகஸ்டு 15 அன்று காபூல் போரின்றியே வீழ்ந்தது.

ஏன்? கட்டியவர் இருந்தனர், காப்பதற்கு உரியவர் இல்லை. பாசறையில் தீட்டிய திட்டத்தை ஊரார் தமதெனக் கருதுவரோ?

இதே அமெரிக்கா, 1945இல் ஜப்பானை வென்றபோது படையைக் கலைத்தது. ஆட்சித் துறையைக் கலைக்கவில்லை. ஜப்பானிய அரசின் வழியாகவே ஆண்டது. 1946இன் நிலச் சீர்திருத்தத்தை நிறைவேற்ற ஊர்தோறும் குழு அமைந்தது. அதன் பத்து இடங்களில் குத்தகை உழவருக்கு ஐந்து, நிலக்கிழாருக்கு மூன்று, சொந்த நிலம் உழுவோருக்கு இரண்டு. படைத் தலைமை ஆணையிட்டது, அரசு சட்டம் இயற்றியது, உழவனோ தன் ஊர் நிலத்தைத் தானே பங்கிட்டான்!

ஜப்பான் முன்னரே தொழில் வளர்ந்த நாடன்றோ என்பீர்கள். உண்மை. எனினும் உழவனுக்குத் தந்த அந்த ஐந்து இடங்கள் தொழில் வளம் தந்தவையல்ல, நம்பிக்கை தந்தவை.

எனவே தோழர்களே, நாட்டை ஆக்கும் திட்டம் எதுவாயினும், படை முன்னிற்பதா, அலுவலர் முன்னிற்பதா என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள்: ஊராருக்கு அதில் எத்தனை இடம்?