புகை ஒன்று, மரியாதை நான்கு

மனிதனை அவன் உடுத்தும் உடையால் எடைபோடுவது உலக இயல்பு. ஏறி வரும் ஊர்தியாலும், இருக்கும் வீட்டாலும் எடைபோடுவதும் உண்டு. ஆனால், அவன் வாயிலிருந்து வெளிவரும் புகையைக் கொண்டே அவனுடைய குடிப்பிறப்பு, கல்வி, பணப்பை, பண்பு ஆகிய அனைத்தையும் நொடிப்பொழுதில் தீர்மானித்துவிடும் வழக்கம் நம் சமூகத்தில் வேரூன்றியிருப்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பீடி, சிகரெட், சுருட்டு, பைப் என்னும் நான்கும் புகையிலையின் நான்கு வடிவங்களே. இலையும் நெருப்பும் ஒன்றாயிருக்க, புகைப்போருக்குச் சமூகம் அளிக்கும் மரியாதை மட்டும் நான்கு வகைப்படுகிறது. இவ்வேறுபாட்டை வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அது உயிர்களைப் பறிக்கும் அளவுக்கு வினைமிக்கது என்பதே நம் கருத்து.

மொழி காட்டும் உண்மை

தமிழ் பயிலும் மாணவர்கள் முதற்கண் நம் பேச்சு வழக்கையே ஆராய்தல் நலம். ‘அவன் பீடி குடிக்கிறான்’ என்கிறோம். ‘தம்பி சிகரெட் பிடிக்கிறான்’ என்கிறோம். ‘பெரியவர் சுருட்டுப் பிடிக்கிறார்’ என்கிறோம். பைப் வைத்திருப்பவரைப் பற்றிப் பேசும்போது, ‘சார் பைப் ஸ்மோக் பண்ணுவார்’ என்று வினைச்சொல்லே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. வினைமுற்றின் ஈற்றில் ‘ஆன்’ விகுதி நிற்பதா, ‘ஆர்’ விகுதி நிற்பதா என்பதை இங்கே வயதும் உறவும் மட்டும் முடிவு செய்வதில்லை. கையிலுள்ள பொருளின் விலையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. பீடி பிடிக்கும் அறுபது வயது முதியவரை ‘அவன்’ என்று கூசாமல் சொல்லும் நாக்கு, பைப் பிடிக்கும் முப்பது வயது இளைஞரை ‘அவர்’ என்று தானாகவே சொல்கிறது.

புகையிலை நம் நாட்டுக்குப் பழமையானதன்று. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த பயிர் அது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617ஆம் ஆண்டில் அதன் பயன்பாட்டுக்குத் தடை விதித்தார். தடை நிலைக்கவில்லை, புகையிலை நிலைத்துவிட்டது. தமிழில் அது சிற்றிலக்கியத்துக்கும் பொருளாயிற்று. சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ பாடினார், உ.வே.சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். சுருட்டு என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று. ஆக, புகையிலைக்குரிய உயர்வு தாழ்வுகள் தொன்றுதொட்டு வந்தவை என்று எவரும் வாதிட முடியாது. அவை இடைக்காலத்திற்குப் பின் நாம் கற்பித்துக்கொண்டவையே.

ஒத்தக்கடை வீதியில்

இவ்வுண்மையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. யானைமலையின் அடியில் அமைந்த நம் ஒத்தக்கடையே போதும். 1965இல் தொடங்கப்பெற்ற வேளாண்மைக் கல்லூரியும், 2004 ஜூலை 24 முதல் இயங்கிவரும் உயர்நீதிமன்றக் கிளையும் இப்பகுதியின் முகத்தை மாற்றிவிட்டன. மேலூர்ச் சாலையின் தேநீர்க் கடைகளில் இன்று வழக்கறிஞரும், வழக்காட வந்த உழவரும், கட்டடத் தொழிலாளியும், கல்லூரி மாணவரும் அருகருகே நிற்கின்றனர்.

அங்கே கொத்தனார் ஒருவர் பீடியைப் பற்றவைத்தால், ‘அங்கிட்டுப் போய்க் குடிப்பா, நாத்தம் தாங்கல’ என்ற குரல் உடனே எழுகிறது. சலவைச் சட்டைக்காரர் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்தால் அக்குரல் எழுவதில்லை. முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்கிறோம், அவ்வளவே. பீடியின் புகை நாற்றம் என்றும், சிகரெட்டின் புகை பழக்கம் என்றும், சுருட்டின் புகை மிடுக்கு என்றும், பைப்பின் புகை சிந்தனை என்றும் பெயர் பெற்றுவிடுகின்றன. மதுரைச் சீமையில் காவல் தெய்வங்களுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் இருப்பதையும் இங்கு நினைவுகூரலாம். வீரத்துக்கும் காவலுக்கும் அடையாளமாகச் சுருட்டு மக்கள் மனத்தில் பதிந்திருப்பதை அவ்வழக்கம் காட்டுகிறது.

திரையும் உலகும் வளர்த்த மயக்கம்

மக்கள் மனத்தில் இப்படிமங்களை ஆழப் பதித்ததில் திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரவு அங்கியுடன் மாடிப்படியில் இறங்கிவரும் பணக்காரத் தந்தையின் வாயில் பைப். கள்ளக்கடத்தல் தலைவனின் வாயில் சுருட்டு. காதலில் தோற்ற நாயகனின் விரலிடையே சிகரெட். ரிக்‌ஷாக்காரரின் காதிடுக்கில் பீடி. இவை எழுதப்படாத இலக்கணமாகவே விளங்கின. 1965இல் வெளிவந்த ‘சாந்தி’ படத்தில் சிவாஜி கணேசன் புகைத்தபடி பாடிவரும் காட்சியின் நேர்த்தியை இன்றும் வியப்போர் உளர். எம்.ஜி.ஆர். பெரும்பாலும் திரையில் புகைப்பதைத் தவிர்த்தார். 2002இல் ‘பாபா’ வெளிவந்தபோது ரஜினிகாந்த் புகைக்கும் காட்சிகள் அரசியல் களத்திலேயே எதிர்ப்பைக் கிளப்பின. 2012 அக்டோபர் 2 முதல் திரையில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாயிற்று. வாசகம் வந்துவிட்டது, ஆனால், படிமம் இன்னும் அழியவில்லை.

மேலைநாட்டாரும் இதற்கு விலக்கல்லர். சர்ச்சிலின் பெயரைச் சொன்னால் சுருட்டு நினைவுக்கு வருகிறது. ஐன்ஸ்டீனின் பெயரைச் சொன்னால் பைப் நினைவுக்கு வருகிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் தோன்றிய 1887ஆம் ஆண்டுக் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பல் திருச்சிராப்பள்ளிச் சுருட்டினுடையது என்று அவர் துப்பறிகிறார். நம் உறையூர் மக்கள் உருட்டிய சுருட்டு உலக இலக்கியத்தில் இடம்பெற்றது எண்ணி மகிழத்தக்கதே. ஆயினும், உளவியல் மேதை சிக்மண்ட் பிராய்டின் வரலாற்றையும் அதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். சுருட்டை விடாத அவருக்கு 1923இல் வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைத் தாங்கி, 1939இல் அவர் மறைந்தார். உலகத்தார் மனத்தை ஆராய்ந்த மேதை என்பதற்காக நோய் அவருக்குச் சலுகை காட்டவில்லை.

உடல் அறியும் உண்மை

உடலின் கணக்கு வேறு. பீடியில் சிகரெட்டைவிடக் குறைந்த அளவு புகையிலையே உள்ளது. அதனால் அது தீங்கு குறைந்தது என்றும், காட்டு இலையில் சுற்றியது என்பதால் இயற்கையானது என்றும் நம்புவோர் பலர். உண்மை இதற்கு மாறானது. பீடி இலை காற்றை எளிதில் புகவிடாது; பீடி விரைவில் அணைந்துவிடும். எனவே புகைப்பவர் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்கு இணையாகவோ, அதனினும் மிகுதியாகவோ உடலுள் சேர்கின்றன.

சுருட்டும் பைப்பும் பிடிப்போர் பெரும்பாலும் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. ஆதலால் தீங்கில்லை என்பது மற்றொரு நம்பிக்கை. அப்புகையின் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் ஏறிவிடும். வாய், உதடு, தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோய்க்கு இவை காரணமாகின்றன. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்களிடையே மேலண்ணப் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும்.

தமிழகத்தில் சென்னை மாநகரிலும் விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும் நடைபெற்ற பெரும் ஆய்வொன்று 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை அது ஆராய்ந்தது. நடுவயதுக்காரருள், புகைத்தோர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைக்காதாரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அது கண்டது. நகரத்தில் சிகரெட் மிகுதி. சிற்றூரில் பீடி மிகுதி. சாவு மட்டும் இரண்டு இடங்களிலும் ஒரே வேகத்தில் வந்திருக்கிறது.

சட்டத்தின் பார்வை

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வகையில் பாராட்டத்தக்கது. சிகரெட், சுருட்டு, பீடி, பைப் என எவ்வடிவில் புகைத்தாலும் புகைத்தலே என்று அது வரையறுக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்கான தடை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. தண்டத்தொகை உயர்ந்த அளவாக 200 ரூபாய். பீடிக்காரருக்கும் பைப்காரருக்கும் அது பொதுவே. ஆயினும், அச்சட்டத்தின் பெயரே ‘சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள்’ என்றுதான் தொடங்குகிறது. 2016-17இல் நடந்த தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோரில் பீடி புகைப்போர் 7.7 விழுக்காட்டினர், சிகரெட் புகைப்போர் 4 விழுக்காட்டினர். பெரும்பான்மையோர் புகைக்கும் பீடி, சட்டத்தின் தலைப்பில் ‘பிற’ என்னும் சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

வரியிலும் இதே நிலைதான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கு விதித்த மேல்வரி பீடிக்கு விதிக்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் சிகரெட்டுக்கு 40 விழுக்காடும் பீடிக்கு 18 விழுக்காடும் பரிந்துரைத்தது. ஏழையின் பண்டம் என்பதும், அதனை நம்பி வாழ்வோர் பலர் என்பதும் காரணங்கள். இரக்கம் நல்லதே. ஆனால், நஞ்சை மலிவாகத் தருவது ஏழைக்குச் செய்யும் நன்மையாகுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கடைவீதியில் ஏழையின் பீடியை அருவருப்பால் விரட்டுகிறோம். வரிப்பட்டியலில் அதே பீடியை இரக்கத்தால் காக்கிறோம். இரண்டிலும் அவருடைய நுரையீரலைப் பற்றிய கவலை இல்லை.

பீடித் தட்டும் கல்லூரிக் கட்டணமும்

பீடி என்னும் சொல்லை இழிவாக ஒலிப்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மேலப்பாளையம், கடையநல்லூர், முக்கூடல் முதலிய ஊர்களில் வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும் அமர்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் தாய்மார் ஏராளம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே அவர்கள் கூலிக் கணக்கு. அவர்களுள் இசுலாமியப் பெண்கள் கணிசமானோர். அவர்தம் நலனுக்காகவே 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும், 1976இல் நலநிதிச் சட்டமும் இயற்றப்பட்டன. அந்நிதியிலிருந்து கல்வி உதவித்தொகை பெற்றுப் படித்த பிள்ளைகள் பலர். தாய் சுற்றிய பீடியின் கூலியால் பட்டம் பெற்றோரும் பலர்.

அத்தாய்மாரை நாம் குறை கூறவில்லை, கூறவும் கூடாது. புகையிலைத் தூளை நாள்தோறும் சுவாசிக்கும் அவர்களும் இப்பண்டத்தால் துன்புறுவோரே. அவர்களுக்கு வேண்டியது நியாயமான கூலியும், மாற்றுத் தொழிலுக்கான பயிற்சியும், அடுத்த தலைமுறைக்கு உயர்கல்வியுமே ஆகும். பீடியை மலிவாக வைத்திருப்பது இவற்றுக்கு ஈடாகாது.

பார்வை மாறினால் பயன் என்ன?

இந்நால்வகை மரியாதையால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, பீடி புகைப்பவர் ஏச்சைப் பெறுகிறாரே தவிர, அறிவுரையைப் பெறுவதில்லை. இருமிக்கொண்டு வருபவரிடம், ‘பீடி குடிச்சா இப்படித்தான்’ என்று கூறி அனுப்பிவிடுவது எளிது. அமரவைத்து விடும் வழியைச் சொல்வோர் அரியர். இரண்டாவது, பீடியிலிருந்து சிகரெட்டுக்கு மாறும் இளைஞன் தான் உயர்ந்துவிட்டதாக எண்ணுகிறான். ஏணி மாறியதே ஒழிய, அது சாய்ந்திருக்கும் சுவர் மாறவில்லை என்பதை அவன் அறிவதில்லை. மூன்றாவது, மிடுக்கின் பெயரால் புதிய வடிவங்கள் கல்லூரி வாயிலில் வந்து நிற்கின்றன. மின்சிகரெட்டை நாடு முழுவதும் 2019இல் தடை செய்ய வேண்டியதாயிற்று. ஹூக்காக் கூடங்களுக்கு எதிராகத் தமிழகச் சட்டமன்றம் 2022இல் திருத்தம் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. ‘இது பீடியன்று’ என்னும் ஒரே தகுதியைக் கொண்டுதான் அவை இளைஞரைக் கவர்ந்தன.

தொழுகைக்கு வருவோர் யாராயினும், கையிலிருப்பதை வெளியே அணைத்துவிட்டே பள்ளிவாசலுக்குள் நுழைகின்றனர். அங்கே பீடிக்காரரும் சிகரெட்டுக்காரரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றனர். அந்தச் சமநிலை வாசலைத் தாண்டியதும் கலைந்துவிடுவது முறையாகுமா?

ஆகவே, பெரியோர்களை நாம் வேண்டுவது: இளைஞரின் சிகரெட்டைக் கண்டிக்குமுன், மதிப்புக்குரியவரின் சுருட்டுக்குத் தந்திருக்கும் விலக்கை நீக்குக. ஆசிரியர்களை வேண்டுவது: வகுப்பறையில் இதனை ஒழுக்கக் குற்றமாக மட்டும் பேசாது, உடலியல் உண்மையாகவும் விளக்குக. மாணவர்களை வேண்டுவது: தேநீர்க் கடையில் பீடியுடன் நிற்கும் தொழிலாளியை ‘ஐயா’ என்றழைத்து, 1800112356 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் புகையிலையை விட உதவி கிடைக்கும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். விலையுயர்ந்த சிகரெட்டை நீட்டும் நண்பனிடமும் அதே எண்ணைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் புகையிலையால் ஆண்டுதோறும் 13 லட்சம் பேருக்கு மேல் மடிகின்றனர். அவர்களுள் கொத்தனாரும் உளர், வழக்கறிஞரும் உளர். மனிதருக்குரிய மரியாதையை அவர் கையிலுள்ள பொருளைப் பார்த்து அளக்காமல் அனைவர்க்கும் ஒன்றாகவே அளிப்போம். புகைக்கோ, அது எவ்வடிவில் வரினும், எந்த மரியாதையும் அளிக்காதிருப்போம்.