பாரிமுனையோடு சென்னை முடிந்துவிடவில்லை

தங்கை மகன் போன மாதம் ஜெர்மனியிலிருந்து வந்தான். உடன் வேலை பார்க்கிற இரண்டு பேரையும் அழைத்து வந்திருந்தான். இருவருக்கும் ரயில் என்றால் உயிர். சென்னைக்கு வந்தால் ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அங்கிருந்தே திட்டம் போட்டிருக்கிறார்கள். ஆசைப்படக் காரணம் இருக்கிறது. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். அதற்கு மூன்று வருஷம் முன்பே பம்பாயில் வண்டி ஓடிவிட்டது. ஆனால் பம்பாயின் அந்த முதல் ஸ்டேஷன் கட்டடம் இன்று இல்லை. ராயபுரத்துக் கட்டடம் தூண்களோடு நிற்கிறது. இதைப் பார்க்க வந்தவர்களிடம், அவர்கள் தங்கிய ஹோட்டலின் வரவேற்பு மேஜைக்காரர் வரைபடத்தை விரித்து, பாரிமுனைக்கு மேலே பேனாவால் ஒரு கோடு இழுத்து, இதற்கு வடக்கே போகாதீர்கள், பாதுகாப்பில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் ஏதோ ஒரு ஷாப்பிங் மாலைச் சுற்றிவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். "ரிஸ்க் எதுக்கு மாமா, விட்டுட்டோம்" என்றான் மருமகன் போனில். அவன் அம்மா பிறந்த வீட்டிலிருந்து அந்த ஸ்டேஷன் கூப்பிடு தூரம்.

அந்த மேஜைக்காரர் ஒருவர்மேல் மட்டும் எனக்குக் கோபமில்லை. இந்த நகரத்தில் பாதிப் பேர் அந்தப் பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அலைகிறார்கள். வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே பாடம் நடத்திவிடுகிறார்கள்: ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கமெல்லாம் ஜாக்கிரதை. நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டால் பதில் வராது. போனதே கிடையாது. சினிமாவில் பார்த்திருக்கிறார்கள். கதைக்கு ஒரு ரவுடி வேண்டுமென்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் படகுத்துறைக்கு வந்துவிடுகிறார்கள். லுங்கி, அரிவாள், ஒரு கேரம் போர்டு, வாய் நிறைய எங்கள் பேச்சு. படம் ஓடி முடிந்ததும் அவர்கள் வேறு கதைக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் முகவரியில் ஒட்டிய அரிவாள் மட்டும் போவதில்லை.

காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்று இவர்களில் ஒருவருக்காவது தெரியுமா?

விசைப்படகுகள் வரிசையாக அணைந்திருக்கும். தரை முழுக்க ஐஸ் கரைந்த தண்ணீரும் மீன் செதிலும். சைதாப்பேட்டையிலிருந்தும் வில்லிவாக்கத்திலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருப்பார்கள். இடுப்பில் சுருக்குப்பை, கையில் அன்னக்கூடை. சங்கரா ஒரு கூடை, கானாங்கெளுத்தி ஒரு கூடை என்று ஏலம் கூவுகிற சத்தத்துக்கு மேலே இவர்கள் சத்தம் கேட்கும். "இன்னாண்ணா, நேத்து பிடிச்ச மீனை இன்னிக்கு வெல சொல்ற?" என்று ஒரு அக்கா செவுளைத் தூக்கிக் காட்டிச் சண்டை போடுவார். வாடிக்கை இல்லாதவருக்குக் கடன் கிடையாது, எல்லாம் ரொக்கம். வட்டிக்கு வாங்கிய பணத்தை இருட்டில், கூட்டத்தில் எண்ணிக் கொடுப்பார்கள். காதில் கம்மல் இருக்கும், கழுத்தில் தாலிச் செயின் இருக்கும். துணைக்கு ஆம்பளை யாரும் வரமாட்டார்கள். கூடையைத் தலையில் ஏற்றிவிட, பெயர் தெரியாத ஒரு பையன் ஓடி வந்து கை கொடுப்பான். விடிவதற்குள் அவர்கள் தங்கள் பேட்டைக்குத் திரும்பிவிடுவார்கள். கோடு இழுத்த மேஜைக்காரர் வீட்டுக் குழம்புக்கு மீன் கொண்டு போகிறவரும் இவர்களில் ஒருவராக இருக்கலாம்.

சென்னையிலேயே ஆபத்தான இடம் என்று நீங்கள் பெயர் வைத்த இடத்தில், ஆபத்தான நேரம் என்று நீங்கள் சொல்கிற நேரத்தில், கையில் ரொக்கத்தோடு பெண்கள் தனியாக வந்து போகிறார்கள். வருஷக்கணக்காக. மகள் வந்தாள், அவள் அம்மா வந்தாள், அந்த அம்மாவின் அம்மாவும் வந்தாள். உங்கள் பாதுகாப்பான பேட்டைகளில் எந்தத் தெருவில் விடியற்காலை மூன்று மணிக்கு இத்தனை பெண்கள் இத்தனை பணத்தோடு நடக்கிறார்கள், காட்டுங்கள்.

திருட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தாலே விஷயம் விளங்கிவிடும். வெளியூர்க்காரனைக் குறிவைக்கிற திருடன், வெளியூர்க்காரன் போகிற இடத்தில்தான் நிற்பான். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் 2013 ஏப்ரலில் ஒரு நாள் மூடிக் கிடந்தது. பிக்பாக்கெட் கும்பல்களின் தொல்லை தாங்காமல் ஊழியர்களே வேலையை நிறுத்திவிட்டார்கள். அதற்காக லூவருக்குப் போகாதே என்று யாராவது கோடு போட்டார்களா? அதெல்லாம் எதற்கு, இங்கே தி. நகருக்கு வருவோம். தீபாவளி வந்தால் ரங்கநாதன் தெருவில் போலீஸ் கண்காணிப்புக் கோபுரம் கட்டி நிற்கிறது. செயின் தெரியாமல் கழுத்தைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள் என்று மைக்கில் அறிவிக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு அதே ஹோட்டல்கள் வண்டி பிடித்துக் கொடுத்து அனுப்புகின்றன. அங்கே நகை போனால் "கூட்டம் சார், பார்த்துப் போகணும்" என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு செல்போன் போனால் எங்கள் பரம்பரையே திருட்டுப் பரம்பரை ஆகிவிடும்.

கொலை நடக்கவில்லையா என்று ஒருவர் கேட்டார். நடக்கிறது. பகையாளிக்கும் பகையாளிக்கும் நடுவில் நடக்கிறது. ரயில் ஸ்டேஷனைப் படம் எடுக்க வந்த வெள்ளைக்காரன் யாருக்குப் பகையாளி?

எங்கள் ஆட்களைப் பற்றி எந்தக் கையேடும் ஒரு வரி சொல்வதில்லை. ஐந்து ரூபாய் டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் இறந்தபோது பழைய வண்ணாரப்பேட்டையில் தெரு கொள்ளாத கூட்டம். வைத்தியத்துக்கு இரண்டு ரூபாயில் ஆரம்பித்து, பல ஆண்டுகள் கழித்து ஐந்து ரூபாய்க்கு வந்தவர். அதுவும் இல்லாதவரிடம் கேட்கமாட்டார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா எங்கள் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். சினிமாவில் ரவுடி சாய்ந்து நிற்பதற்காக வைக்கிற அதே கேரம் போர்டில்தான் அந்தப் பெண் உலகத்தை ஜெயித்தாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னையின் மாடிகளில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட, மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு யாரும் நீ எந்தப் பேட்டை என்று கேட்டுவிட்டுப் படகில் ஏறவில்லை.

பார்க்க என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் 1910-லிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடையாது. தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் 1949 செப்டம்பரில் ராபின்சன் பூங்காவில் மழையில் நனைந்துகொண்டே நடந்தது. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரை மணந்த கோயில் இருக்கிறது. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. உலகம் முழுக்கப் பைத்தியமாகத் திரிகிற புல்லட் வண்டியின் பழைய தொழிற்சாலை இருக்கிறது. இதையெல்லாம் பார்க்க வந்துபோக 2015-ல் ஓட ஆரம்பித்த மெட்ரோ, விம்கோ நகருக்கு வந்து சேர 2021 பிப்ரவரி ஆயிற்று. அதிலும் எங்களுக்குக் கடைசிப் பந்தி.

இந்தக் கோடு சுற்றுலாக்காரர்களோடு நிற்பதில்லை. எங்கள் பிள்ளைகள் இன்டர்வியூவுக்குப் போனால் முகவரியைப் படித்ததும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது. தெரிந்த பையன் ஒருவன் பெரம்பூரில் இருக்கிற சித்தப்பா வீட்டு முகவரியைத்தான் விண்ணப்பங்களில் எழுதுகிறான். பெண் கேட்கப் போனால் "பையன் நல்ல பையன்தான், ஆனா இருக்கிறது அங்க" என்கிறார்கள். கடன் கேட்டால் இந்த பின்கோடுக்கு இல்லை என்று பைக் விற்கிறவரே சொல்கிறார். இரவு ரோந்தில் நிறுத்துகிற போலீஸ்காரர், எங்கே வேலை என்று கேட்பதற்கு முன்பே எந்த ஏரியா என்று கேட்கிறார். இவ்வளவையும் எங்கள்மேல் ஏற்றிவிட்டு, அயல்நாட்டு விருந்தாளியிடம் அந்த ஆட்களிடம் ஜாக்கிரதை என்கிறார்கள்.

ஆபத்து இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது எங்களிடமிருந்து வரவில்லை, எங்கள் தலையில் வந்து விழுகிறது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பத்தில் ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டு வருகிற கடலடிக் குழாயில் கசிவு. மூக்கில் நெடி ஏறித்தான் எழுந்தார்கள். கண் எரிச்சல், மூச்சடைப்பு, வாந்தி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கிழவியை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதற்குப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதே டிசம்பர் 26-ல் கடல் ஏறி வந்ததைப் பார்த்த குப்பங்கள் அவை. அந்த மாத ஆரம்பத்தில்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்து, வலையும் படகும் கறுத்துப் போயிருந்தன. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் மீனவர்களும் மாணவர்களும் பிளாஸ்டிக் வாளியில்தான் அதை அள்ளினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றைத் தூர்த்துவிட்டது. துறைமுக கேட்டுக்கு நிற்கிற கன்டெய்னர் லாரி வரிசை எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை விழுங்கிவிட்டது. அந்த லாரிகளின் இடுக்கில்தான் எங்கள் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகின்றன.

ஊருக்கே மின்சாரமும் பெட்ரோலும் உரமும் போகிறது எங்கள் பக்கத்திலிருந்து. புகையும் சாம்பலும் எங்களுக்கு. வருகிறவர்களை எச்சரிக்கிறவர்களின் பட்டியலில் அந்தக் குழாயும் இல்லை, லாரியும் இல்லை. காசிமேட்டில் மூன்று மணிக்குக் கூடை தூக்கிவிடுகிற பையன்தான் அவர்கள் கண்ணுக்கு ஆபத்தாகத் தெரிகிறான்.

விருந்தாளியின் உயிர்மேல் நிஜமாகவே அக்கறை இருந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ட்ரெய்லர் பக்கத்தில் பைக் ஓட்டாதே. காசிமேட்டில் தரை வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போடு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஓடாது, அப்போது வந்து ஏமாறாதே. எண்ணூரில் மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, காற்று அடிக்கிற திசைக்குக் குறுக்கே ஓடு. வழி தெரியாவிட்டால் பக்கத்தில் ஓடுகிற குப்பத்துக்காரன் பின்னாலேயே ஓடு, அவன் உன்னை விட்டுவிட்டுப் போகமாட்டான்.

அந்தக் கடைசி எச்சரிக்கையைச் சொல்ல வேண்டியவர்கள் ஹோட்டல்காரர்களும் இல்லை. குழாய் பதித்தவர்களும் அதற்கு அனுமதி கொடுத்தவர்களும்தான் சொல்ல வேண்டும். குழாய் எந்த வழியாகப் போகிறது, கசிந்தால் சங்கு எங்கே ஊதும், எந்தத் தெரு வழியாக எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும், ராத்திரி யாருக்கு போன் போட வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் ஒவ்வொரு தெரு முனையிலும் பலகை நாட்டட்டும்.